பகவதி பின்னிய எருமைக்கன்று

பகவதியை யாராவது எருமை என்று திட்டினால் அவளுக்குக் கோபம் வராது. "எருமைக்கு என்ன குறைச்சல்?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்கிற தோரணையில் திட்டியவர் வாயை மூடிக்கொள்வார். ஹைதராபாத்தில் பாலாநகர்ப் பக்கம் மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸில் கால் நூற்றாண்டு குடியிருந்தவள் அவள். அந்தக் காலனியில் அவளை வாயாடி என்றவர்கள் உண்டு, திமிர் பிடித்தவள் என்றவர்களும் உண்டு. இரண்டும் உண்மைதான். ஆனால் கல்யாணமாகி வந்த புதிதில் அவளிடம் இரண்டுமே கிடையாது. அவை எப்படி வந்து ஒட்டிக்கொண்டன என்பதைச் சொல்ல வேண்டுமானால், ஒரு சாண் நீளமுள்ள கம்பளி எருமைக்கன்று ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். படிப்பு எட்டாவதோடு நின்றது. அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் மிஷன்காரர்கள் நடத்திய லேஸ் கூடத்தில் குரோஷா ஊசியும் கையுமாக இருந்தாள். அவள் பின்னிய மேஜை விரிப்புகள் கப்பலேறிப் போயின என்று டீச்சரம்மா சொல்வார். பகவதி கப்பலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1966-ல் ஜெகதீசனைக் கட்டிக்கொண்டு அவள் ஏறியது ரயிலில். அவன் தொழிற்சாலையில் டர்னர். லேத் முன்னால் நின்றால் சுற்றி இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்காதவன். வீட்டிலும் அப்படித்தான், அதிகம் பேசமாட்டான்.

அறுபத்தெட்டில் அவள் முதல் பிள்ளையை உண்டாகியிருந்தாள். காலை வேளைகளில் போவன்பள்ளியிலிருந்து யாதய்யா என்ற பால்காரர் தன் எருமையைக் காலனிக்குள் ஓட்டி வந்து, வாசலிலேயே கறந்து ஊற்றுவார். எருமைக்குப் பின்னால் ஒரு கன்று, நெற்றியில் வெள்ளைச் சுழியோடு, நனைந்த மூக்கோடு வரும். வராண்டாக் கம்பிக்குள் முகத்தை நுழைத்துப் பகவதியின் கையை நக்கும். அவளுக்குத் தெலுங்கும் தெரியாது, அந்த ஊர் உருதும் தெரியாது. ஹைதராபாத்தில் அவளுக்கு முதலில் சிநேகமானது அந்தக் கன்றுதான். வயிற்றில் இருப்பதும் பிறந்து வளர்ந்து இந்த மூக்கைப் பிடித்து இழுக்கத்தானே போகிறது என்று நினைத்தாள். அதற்குள் இதே மாதிரி ஒரு கம்பளிக் கன்றைப் பின்னிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

லேஸ் ஊசி ரொம்பச் சன்னம். கம்பளி நூலுக்கு ஆகாது. ஜெகதீசன் ஒரு பித்தளைக் கம்பியை லேத்தில் கடைந்தான். நுனியில் கொக்கி வெட்டிப் பாலிஷ் போட்டு, சட்டைப் பையில் பேனாவோடு பேனாவாகச் செருகிக்கொண்டு, கேட்டில் சோதனை போடுகிறவன் முகத்துக்கு நேரே நடந்து வந்தான். வாயைத் திறந்து அன்பாக நாலு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன் செய்த காரியம் அது. பகவதி அந்த ஊசியை அன்று முழுக்கக் கையை விட்டு இறக்கவில்லை.

பின்னுவதில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. லேஸ் என்பது ஓட்டைகளைப் பின்னுகிற வேலை. எங்கே ஓட்டை விடுவது, எவ்வளவு விடுவது என்பதில்தான் அங்கே கெட்டிக்காரத்தனம். பகவதியின் கையும் பழக்கதோஷத்தில் தாராளமாக விட்டுவிட்டது. மூக்கிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி வந்து, கண்ணிகளைக் கூட்டித் தலையாக்கி, குறைத்துக் கழுத்தாக்கி, மறுபடி கூட்டி வயிறும் ஆக்கி, இலவம் பஞ்சைத் திணித்தாள். மறுநாள் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை பஞ்சு எட்டிப்பார்த்தது. பிறக்கும் முன்பே கன்றுக்கு நரைத்துவிட்டது என்று ஜெகதீசன் சிரித்தான். அத்தனையும் பிரித்தாள். நூலை விரலில் இறுக்கிப் பிடித்து, ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே வெளிச்சம் தெரியாதபடி மறுபடி பின்னினாள். கடைசியில் இரண்டு சின்னக் கொம்பு வைத்தாள்.

"கன்னுக்குட்டிக்கு ஏதுட்டி கொம்பு?" என்றான் ஜெகதீசன்.

"நாளைக்கு மொளைக்கும்லா," என்றாள்.

எதிர் வரிசையில், ஆபீசர்கள் குவார்ட்டர்ஸில், கல்பகம் மாமி இருந்தாள். அக்கவுண்ட்ஸ் ஆபீசர் பாலசுப்ரமணியனின் மனைவி, தஞ்சாவூர்க்காரி. யார் வீட்டில் எப்போது வளைகாப்பு, யாரைக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது என்பதெல்லாம் காலனித் தமிழ்ப் பெண்களுக்கு மாமி வாயால் வந்தால்தான் சட்டம். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது காய்ச்சல் என்றால் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவள் அவள்தான். ரசத்தோடு கூடவே அபிப்பிராயமும் வரும்.

அப்படி ஒரு நாள் வந்தவள், ஜன்னல் மேல் நின்றுகொண்டிருந்த கம்பளிக் கன்றைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, எருமையா? எமன் வாகனத்தையா பண்ணி வச்சிருக்கே? அதுவும் கறுப்புல! பொறக்கறதுக்கு முன்னாடி கொழந்தைக்குன்னு ஒரு துணி கூடத் தைக்கப்படாது. மாசமா இருக்கறவ இப்படி நூலைச் சுத்திண்டு உக்காரவும் படாது. கொடி சுத்திக்கும்."

பகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்று சிரிக்கவில்லை. மாமி சொன்ன வேகத்தைக் கேட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பை மாமி மறக்கவே இல்லை.

பிள்ளை முழுசாகத்தான் பிறந்தான். தலை நிறைய முடி. ஆனால் அழவில்லை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது என்று சொன்னார்கள். பகவதிக்குப் பார்க்கக் கொடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை; அவளாகக் கத்திக் கேட்ட பிறகுதான் ஒரு நர்ஸ் துணியை விலக்கிக் காட்டினாள். வீட்டுக்கு வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது, வராண்டாவில் மாமியின் குரல் கேட்டது. மாமி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சிரிச்சா. சுத்திச் சுத்தி நூலை இழுத்தா கொடி சுத்தாம என்ன பண்ணும்? தன் கையாலயே கொழந்தை கழுத்துல போட்டுட்டா."

மெல்லிய குரல்தான். இரக்கமும் இருந்தது அதில். அதுதான் பகவதியைக் கொன்றது. வம்புக்காகச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். மாமி உண்மை என்று நம்பி, உச்சுக்கொட்டிக்கொண்டு சொன்னாள்.

பகவதி எழுந்து வெளியே வந்தபோது ஜன்னல் மேல் கன்று இல்லை. ஜெகதீசன் அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்துப் பெரிய சாக்கடையில் போட்டுவிட்டு வந்திருந்தான். யார் சொல்லிச் செய்தான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஊசியைக் காணோமே என்று தேடிக்கொண்டிருந்தான். அது அவள் தலையணைக்கடியில் இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெகதீசன் ஒருநாளும் அவளைக் குற்றம் சொன்னதில்லை. உன்னால் இல்லை என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த இரண்டாவதுதான் அவர்களுக்கு நடுவில் ஒரு பாயைப் போல விரிந்து கிடந்தது. ஒரே வீட்டில் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், ஊருக்குப் போய் வந்தார்கள். அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

காலனியில் அதற்குப் பிறகு வளைகாப்பென்றால் பகவதிக்குச் சொல்லமாட்டார்கள். நவராத்திரிக்கு மட்டும் கூப்பிடுவார்கள், போனால் வெற்றிலை பாக்கு கடைசியில் வரும். வீட்டில் மாசமாக இருக்கிறவள் யாராவது இருந்தால், பகவதி கூடத்துக்குள் நுழையும்போதே அவளுக்குச் சமையலறையில் ஏதோ வேலை வந்துவிடும். அறுபத்தொன்பதில் தெலங்கானா கிளர்ச்சியில் கடைகள் அடைத்து, பஸ்கள் நின்று, காலனிக்காரர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் அரிசியும் மண்ணெண்ணெயும் கொடுத்து வாங்கினார்கள். பகவதி வீட்டுக்கு மாமி அப்போதும் ரசம் கொடுத்தனுப்பினாள். பகவதி பாத்திரத்தைக் கழுவி, சர்க்கரை போட்டுத் திருப்பி அனுப்பினாள். வாயைத் திறந்து ஒரு சொல் கேட்கவில்லை. அவளும்தானே பாதி நம்பினாள்!

அதுதான் உள்ளே கிடந்த விஷம். அரிசி களைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். இந்தக் கைதானா என்று பார்ப்பாள்.

எழுபத்திரண்டில் மறுபடி உண்டானாள். பயம் தலைக்கேறிவிட்டது. பூக்கட்ட மாட்டாள். தலைமுடியை முறுக்கிக் கொண்டை போட மாட்டாள். புடவைக் கொசுவத்தைச் சுற்றிச் செருகும்போதுகூட ஒரு முறை யோசிப்பாள். மருத்துவமனைக்குப் போனபோது, லேடி டாக்டரிடம் உடைந்த தெலுங்கில் விஷயத்தைக் கேட்டே விட்டாள். நூல் சுற்றினால் கொடி சுற்றுமா?

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "எத்தனையோ குழந்தைகளுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அம்மா. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நூலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு ஆச்சே," என்றாள் பகவதி.

டாக்டரம்மா அவள் கையை ஒரு முறை அழுத்திப் பிடித்துவிட்டார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அந்த வாரம் யாதய்யா எருமையோடு வந்தபோது, பின்னால் அந்த வருஷம் ஈன்ற கன்று நடந்து வரவில்லை. அவர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். செத்துப்போன கன்றின் தோலில் வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்துத் தைத்திருந்தார்கள். கன்று இல்லாவிட்டால் எருமை மடி சுரக்காது. முன்னால் இதைக் கொண்டுபோய் நிறுத்தியதும், எருமை தலையைத் தாழ்த்தி அந்த வைக்கோல் முதுகை நக்கத் தொடங்கியது. யாதய்யா கறக்கத் தொடங்கினார். பகவதி செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னாலேயே, எங்கிருந்தோ, ஒரு பெருங்கோபம் வந்தது.

இந்த எருமைக்கும்தான் கன்று செத்திருக்கிறது. யாராவது இதைக் கூப்பிட்டு, நீ என்ன நூல் சுற்றினாய் என்று கேட்டார்களா? எந்தப் பொம்மை பின்னினாய் என்று கேட்டார்களா? பூக்கட்டுகிற பெண்களெல்லாம் காலமெல்லாம் நார் சுற்றுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் பிள்ளை தங்காமலா போயிற்று? எனக்கு மட்டும் எதற்கு இந்தச் சட்டம்? அவள் வாய்விட்டே கேட்டுவிட்டாள் போலிருக்கிறது. "ஏமம்மா?" என்று நிமிர்ந்தார் யாதய்யா. அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கே பஸ் ஏறி சிக்கந்தராபாத் ஜெனரல் பஜாருக்குப் போனாள். மேடிட்ட வயிற்றோடு வந்தவளைப் பார்த்ததும் கம்பளி நூல் கடைக்காரர் ரோஸையும் இளநீலத்தையும் எடுத்து மேலே போட்டார். அவள் கறுப்பைக் காட்டினாள்.

"கைகூ காலா, அம்மா? காலா நக்கோ. பேபிக்கு பிங்க் லே லோ," என்று கறுப்பைத் தள்ளி வைத்தார். குழந்தைக்குக் கறுப்பு எதற்கு என்று அந்த மனுஷனுக்கும் கவலை. ஊர் முழுக்க அவள் பிள்ளைக்காகக் கவலைப்பட ஆள் இருந்தது.

"காலாதான் வேணும்," என்றாள் பகவதி. "எருமை பிங்க்ல இருக்குமா?"

வீட்டுக்கு வந்து, ஜெகதீசனின் தலையணையைப் பிரித்துப் பஞ்சை எடுத்தாள். அடைத்துக் கிடந்த கோபத்தில் கொஞ்சம் அவனுக்கும் பங்கு இருந்தது. வேலை முடிந்து வந்தவன் தொளதொளவென்று கிடந்த தலையணை உறையைப் பார்த்தான், அவள் கையில் இருந்த பித்தளை ஊசியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம், பகவதி. அந்த ஊசிய எங்கிட்ட தா. பிள்ள பொறந்த பொறவு என்ன வேணும்னாலும் செய்யி."

"எதுக்கு? இப்ப செஞ்சா என்ன?"

அவன் ஊசிக்காகக் கையை நீட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. நான் சுத்துனதாலதான் போனான்னு நெனைக்கியளா?"

அவன் தரையைப் பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்து ரகசியமாகப் பின்ன அவளுக்கு மனசில்லை. தெருவுக்கு நேராக, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, சுற்றிச் சுற்றிப் பின்னினாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் வயிற்றுக்குள் அசைவு இருக்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அசைவு வந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கினாள். பயந்துகொண்டேதான் பின்னினாள், ஆனால் நிறுத்தவில்லை.

மாமி ஓடி வந்தாள். "உனக்குப் பைத்தியமாடி? பட்டும் புத்தி வரலையே!" என்றாள். கண்ணில் நிஜமாகவே நீர்.

"பட்டது நான்தான, மாமி? நீங்க எதுக்கு அழுகியோ?" என்றாள் பகவதி. அவள் மாமியை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. வாயாடி என்ற பெயர் அன்று வந்தது.

பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடனேயே ஆஸ்பத்திரி கூரை பறக்கிற மாதிரி அழுதாள். வடிவு என்று பெயர் வைத்தார்கள். கம்பளி எருமை தொட்டிலில் கூடவே கிடந்தது. பல் முளைக்கிற வயதில் வடிவு அதன் கொம்பைக் கடித்தே சப்பையாக்கினாள்.

இப்போது பகவதி நிம்மதியாக இருந்திருக்கலாம். காலனி விடவில்லை. காலனியில் பேச்சு திரும்பிவிட்டது. திருப்பியதும் மாமிதான். "எமன் வாகனத்தையே ஆத்துக்குள்ள கட்டிப் போட்டுட்டாளே! அவன் அப்புறம் எதுல வருவான்? நடந்தா வருவான்?" என்றாளாம். கேட்டவர்களுக்கெல்லாம் அது ரொம்பச் சரியாகப் பட்டது. பகவதியிடம் வந்து, எங்கள் மருமகளுக்கு ஒன்று, எங்கள் தங்கைக்கு ஒன்று என்று கம்பளி எருமை கேட்க ஆரம்பித்தார்கள். பிறப்பதற்கு முன்னால் ஒரு துணி தைக்கக் கூடாது என்றவர்கள்தான் கேட்டார்கள்.

பகவதி ஒருத்திக்கும் பின்னிக் கொடுக்கவில்லை. கையில் வலி என்றாள், நூல் இல்லை என்றாள். திமிர் பிடித்தவள் என்ற பெயர் அப்போது வந்தது. அவளுக்கு உள்ளே எரிந்தது எதனால் என்று அவர்களுக்குப் புரியவில்லை. இந்த எருமை வடிவைக் காப்பாற்றியது என்றால், முதல் எருமை மூத்தவனைக் கொன்றது என்றுதானே அர்த்தம்? அதை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மேலேயே இந்தப் புகழ்ச்சியையும் கட்டுகிறார்களே!

அடுத்த வருஷம் மாமியின் ஒரே பெண் ரமா மாசமானாள். பேகம்பேட்டில் கணவனோடு இருந்தவள் வளைகாப்புக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். மாமி பகவதியின் வராண்டாவுக்கே வந்து உட்கார்ந்தாள்.

"ரமாவுக்கு மட்டும் ஒண்ணு பண்ணிக் குடுத்துடுடி, பகவதி. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரலை. நம்மாத்து வளைகாப்புக்கு நீ கட்டாயம் வரணும். முதல் வரிசையில உக்காரணும்."

பகவதி அந்த முகத்தைப் பார்த்தாள். பயந்துபோன முகம். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இரக்கம்கூட வந்தது. ஆனாலும் விட மனசு வரவில்லை. "வளைகாப்பு அன்னைக்குக் கொண்டு வாரேன் மாமி," என்றாள்.

வளைகாப்பு வீட்டுக்குப் போய் வம்பு வளர்ப்பது நல்ல காரியமா என்றால், நல்ல காரியம் இல்லைதான். பகவதிக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. கூடம் நிறையப் பெண்கள். நடுவில் மணையில் ரமா, வழக்கப்படி மசக்கைக்கென்று எடுத்த கறுப்புப் பட்டுப்புடவையில் இருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். தட்டுத் தட்டாகக் கைமுறுக்கு. அழுத வடிவைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெகதீசன் வாசல் நிலையோரம் நின்றான்.

மாமி ஆவலாக வந்தாள். "எங்கடி எருமை?"

பகவதி பையைத் திறந்து, ஒரு கறுப்புக் கம்பளி உருண்டையையும் பித்தளை ஊசியையும் எடுத்து ரமாவின் முன்னால் இருந்த தாம்பாளத்தில் வைத்தாள்.

"இந்தா இருக்கு. இன்னும் நூலாத்தான் இருக்கு. ரமா பின்னட்டும். நான் பக்கத்துல இருந்து காட்டிக் குடுக்கேன்."

பின்னாலிருந்து ஒருத்தி, "சுபகாரியத்துல கறுப்பு நூலா?" என்றாள்.

"ரமா உடுத்தியிருக்கது என்ன நெறம், அக்கா?" என்றாள் பகவதி, திரும்பாமலே.

ரமா ஊசியைத் தொடக் கையை நீட்டினாள். மாமி பாய்ந்து தாம்பாளத்தை இழுத்தாள். "ஐயையோ, வேண்டாம்! மாசமா இருக்கறவ நூலைச் சுத்தலாமோ? கொடி..."

அதோடு நின்றுவிட்டாள்.

"சொல்லி முடிங்க, மாமி," என்றாள் பகவதி. "கொடி சுத்தும். அப்போ எனக்க மகனுக்கு நான்தான் சுத்தி விட்டேன். இன்னமும் அதைத்தான் நம்புகியோ. நம்பிக்கிட்டே எனக்க எருமையும் வேணும்னு கேக்கியோ. எருமை வடிவைக் காப்பாத்துச்சுன்னா, எருமைதான் அவனைக் கொன்னுச்சு. ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு ஒண்ணை எனக்க தலையில விட்டுட்டுப் போக முடியாது. அது வெறும் பொம்மை. அவன் போனதும் அதனால இல்ல, இவ பொழைச்சதும் அதனால இல்ல. அப்படி நெனைச்சா எடுத்துக்கிடுங்க. இல்லேன்னா நான் நூலை எடுத்துக்கிட்டுப் போறேன்."

முதலில் வாயைத் திறந்தது ரமாதான். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழில் பாதி தெலுங்கு.

"அம்மா, நேத்து பூரா ஏம் சேசாம்? என்ன பண்ணினோம்? கைமுறுக்குதானே சுத்தினோம்? நானும்தான் உன் பக்கத்துல உக்காந்து சுத்துச் சுத்தா சுத்தினேன். நீ பார்த்துண்டுதானே இருந்தே? அப்போ கொடி ஞாபகம் வரலையா உனக்கு?"

மாமி முறுக்குத் தட்டைப் பார்த்தாள். ஏழு சுற்று முறுக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அவளே தன் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துச் சுற்ற வைத்தவை. முதல் தடவையாக அந்த முகத்தில் தன் பேச்சின் மேலேயே ஒரு சந்தேகம் தெரிந்தது.

"பர்வாலேதும்மா, ஒண்ணும் ஆகாது," என்றாள் ரமா. ஊசியை எடுத்துக்கொண்டாள். "காட்டுங்கோ, ஆன்ட்டி."

பகவதி அவள் விரலில் நூலைச் சுற்றிக் காட்டினாள். முதல் வளையம், அதற்குள் முதல் கண்ணி. ரமா தப்பாகப் பின்னினாள், பிரித்தாள், மறுபடி பின்னினாள். வேகமாக இழுத்ததில் உருண்டை தாம்பாளத்திலிருந்து குதித்து உருண்டு போய் மாமியின் காலடியில் நின்றது. நூல் அவள் மெட்டியில் மாட்டிக்கொண்டது.

எல்லாரும் அதையே பார்த்தார்கள். மாமி குனிந்து, மெட்டியிலிருந்து நூலை விடுவித்து, உருண்டையைக் கையில் எடுத்தாள். தரையில் கிடந்த நீள நூலை அதன் மேல் சுற்றத் தொடங்கினாள். முழுவதும் சுற்றி முடித்தாள். பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, ரமா இழுக்க இழுக்க நூலை விட்டுக்கொடுத்தாள்.

"உன் கொழந்தை உன்னால போகலைடி, பகவதி," என்றாள், நூலைப் பார்த்துக்கொண்டே. "நான்தான் என்னமோ சொல்லிட்டேன்."

பகவதி இதற்காக எத்தனையோ காலம் காத்திருந்தாள். அது கிடைத்தவுடன் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழவில்லை. தலையை நிமிர்த்தி, கூடத்துக்கு அப்பால் பார்த்தாள்.

"வாசல்ல நிக்கவங்களுக்குக் கேக்கல, மாமி. உரக்கச் சொல்லுங்க."

மாமி நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அந்தக் கொழந்தை பகவதியால போகலை," என்றாள், தெருவுக்கே கேட்கும்படியாக.

வாசலில் ஜெகதீசன் வடிவை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவனுக்கு ஒரு கை வேண்டியிருந்தது.